ரிப்போர்ட் நார்மல், வயிறு நார்மல் இல்லை

குடலோடு ஒரு குடித்தனம் – 7

சென்ற வாரம் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்ற குடல் நோயின் அறிகுறிகளைப் பார்த்தோம். வயிற்றுவலி, உப்புசம், சிலருக்கு அடிக்கடி பேதி, சிலருக்கு நாட்கணக்கில் மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. இந்த நோய் உள்ளவர்களிடம் பேசினால் கடைசியில் எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்கிறார்கள். “ஸ்கேன் எடுத்தாச்சு, எண்டோஸ்கோபி பார்த்தாச்சு, கொலோனோஸ்கோபியும் முடிஞ்சது. எல்லாம் நார்மல்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் எனக்கு இப்படி வலிக்குது?”

பதில் கிடைக்காதபோது வீட்டில் உள்ளவர்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள்: “எல்லாம் மனசுதான். டென்ஷன் ஆகாம இரு, சரியாயிடும்.” நோயைவிட இந்த வார்த்தை அதிகம் வலிக்கும் என்பதை அனுபவித்தவனாகச் சொல்கிறேன். பஸ் பயணம் என்றால் முந்தைய இரவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வது, கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துவைப்பது, பந்தியில் உட்காரப் பயந்து ஏதாவது சாக்குச் சொல்வது என்று வாழ்கிறவரிடம் போய், “உனக்கு ஒன்றுமே இல்லை” என்று சொன்னால் அவர் யாரிடம்தான் முறையிடுவார்?

ஒன்றுமே இல்லாமல் இல்லை. அதைப் புரிந்துகொள்ள, கனடாவில் உள்ள ஒரு சிற்றூருக்குப் போக வேண்டும்.

ஒரு மழை, ஒரு கிணறு

ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது வால்கர்டன். மக்கள்தொகை சுமார் ஐந்தாயிரம். 2000-ம் ஆண்டு மே மாதம் இரண்டாவது வாரத்தில் அங்கே கனமழை கொட்டியது. ஊருக்குக் குடிநீர் தந்த கிணறுகளில் ஐந்தாம் எண் கிணறு ஆழமில்லாதது. பக்கத்திலேயே மாட்டுப்பண்ணை. நிலத்தில் எருவாகப் போடப்பட்டிருந்த சாணத்திலிருந்து கிருமிகள் மழைநீரோடு கிணற்றுக்குள் இறங்கின. தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்த்துக் குறிக்க வேண்டியவர்கள், பார்க்காமலேயே பதிவேட்டை நிரப்பிவந்தார்கள் என்பது பின்னால் நடந்த நீதி விசாரணையில் அம்பலமானது.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற எச்சரிக்கை மே 21-ம் தேதிதான் வந்தது. அதற்குள் ஈ.கோலை ஓ157 என்ற கொடிய பாக்டீரியாவும் கேம்பிலோபாக்டர் என்ற இன்னொன்றும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. 2,300-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். ஏழு பேர் இறந்துபோனார்கள்.

பேதி நின்றது. கிருமிகள் போயின. ஆனால் பலருக்கு வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஊர் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். முன்பு ஐ.பி.எஸ். இல்லாதவர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது. அந்த மே மாதத்தில் பேதி வராதவர்களில் 10.1 சதவிகிதத்தினருக்கு ஐ.பி.எஸ். அறிகுறிகள் இருந்தன. பேதி வந்ததாகத் தாங்களே சொன்னவர்களில் 27.5 சதவிகிதம். மருத்துவப் பதிவுகளால் பேதி உறுதியானவர்களில் 36.2 சதவிகிதம்.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். தண்ணீரைப் பற்றிய பயம், சாவு விழுந்த துக்கம், அதிகாரிகள் மேல் கோபம் எல்லாம் ஊருக்கே பொதுவானவை. மனக்கவலை மட்டும்தான் காரணம் என்றால் இந்த மூன்று எண்களும் ஒட்டியே இருந்திருக்க வேண்டும். கிருமி யாருடைய குடலைத் தாக்கியதோ அவர்களுக்குத்தான் நோய் மூன்று மடங்கு கூடியது.

மனதுக்குப் பங்கே இல்லை என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. ஏற்கெனவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு நோய் நீடிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பெண்களுக்கும் இளவயதினருக்கும் அதிகம். பேதியின்போது காய்ச்சல் கண்டவர்களுக்கும் எடை இழந்தவர்களுக்கும் அதிகம். உடம்பும் மனமும் சேர்ந்துதான் இந்த நோயை வளர்க்கின்றன. அதற்காக நோயைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

நம்பிக்கை தரும் கணக்கு ஒன்றும் வால்கர்டனில் கிடைத்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் 28.3 சதவிகிதமாக இருந்த பாதிப்பு, எட்டு ஆண்டுகள் கழித்து 15.4 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ பாதிப் பேர் மீண்டிருந்தார்கள்.

எல்லா ஐ.பி.எஸ்ஸும் கிருமியில் தொடங்குவதில்லை. ஆனால் கடுமையான வயிற்றுத் தொற்று கண்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது பின்தொடர்ந்து வருகிறது. மழைக்காலத்தில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. “அந்த ஃபுட் பாய்சனுக்கு அப்புறம்தான் சார் வயிறு கெட்டுப்போச்சு” என்று சொல்கிறவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்.

கிருமி போன பிறகும் ஏன்?

1973-ல் ஆக்ஸ்போர்டில் ரிட்சி என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். பெருங்குடலின் கடைசிப் பகுதிக்குள் சிறிய பலூனை வைத்து மெல்லக் காற்று ஏற்றினார். பலூன் 60 மில்லி அளவுக்கு விரிந்தபோது மற்றவர்களில் 6 சதவிகிதம் பேர்தான் வலிக்கிறது என்றார்கள். ஐ.பி.எஸ். உள்ளவர்களில் 55 சதவிகிதம் பேருக்கு வலித்தது.

பல ஆண்டுகள் கழித்து, 2017-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். எளிதில் செரிக்காத சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்து, குடலில் எவ்வளவு வாயு சேர்கிறது என்று அளந்தார்கள். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வாயுவின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வலியில் இருந்தது. காயம் ஆறிய பிறகும் அந்த இடத்தில் துணி உரசினாலே கூசுமே, குடலின் உட்சுவரும் அப்படி ஆகிவிடுகிறது. எண்டோஸ்கோபி கேமராவுக்குப் புண் தெரியும், கட்டி தெரியும். நரம்பின் கூச்சம் தெரியாது. ரிப்போர்ட் நார்மல் என்று வருவதற்கும் வயிறு வலிப்பதற்கும் இடையே முரண்பாடே இல்லை.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இன்னொரு கண்ணியைக் காட்டியது. எலிகளுக்குக் குடல் தொற்று இருந்தபோது ஓர் உணவுப் புரதத்தைக் கொடுத்தார்கள். தொற்று குணமான பிறகும் அதே புரதம் வயிற்றுக்குள் போனபோதெல்லாம் குடலின் எதிர்ப்பு அணுக்கள் கிளர்ந்து வலி நரம்புகளைத் தூண்டின. கிருமி இருந்த நேரத்தில் உள்ளே வந்த அப்பாவி உணவையும் குடல் எதிரியாகக் கருதிவிட்டது. இந்த எதிர்ப்பு குடலுக்குள் மட்டுமே நடப்பதால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியாது. “நேற்றுவரை ஒத்துக்கொண்ட சாப்பாடு இன்றைக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?” என்ற கேள்விக்கு ஒரு வழி இங்கே திறக்கிறது.

குழம்பில் கரைவது எது?

இனி நம் சமையலறைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபாட்மேப்’ உணவுமுறைதான் இன்று ஐ.பி.எஸ்ஸுக்கு அதிகம் ஆராயப்பட்ட உணவு மருத்துவம். ஃபாட்மேப் எனப்படும் சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை; அவற்றைக் குறைப்பதுதான் இந்த உணவுமுறை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. மற்றவர்களுக்கு இது தெரிவதே இல்லை. கூச்சம் கண்ட குடலுக்கு வலியாகிறது. 2014-ல் மொனாஷ் குழு 30 நோயாளிகளுக்கு இந்தச் சர்க்கரைகள் குறைந்த சாப்பாட்டைத் தாங்களே சமைத்துக் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான உணவு உண்ட நாட்களோடு ஒப்பிட்டபோது தொல்லை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

நம் வீட்டில் இவை எங்கே இருக்கின்றன? வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா. கொண்டைக்கடலை, ராஜ்மா, தட்டைப்பயறு, அதிகம் சேர்த்த பருப்பு. பால். மாம்பழம், தர்பூசணி, தேன். காலிஃபிளவர், காளான். தென்னிந்தியர்களில் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்க முடியாதவர்கள் அதிகம் என்பதால், காலையில் குடிக்கும் காபியையும் டீயையும் முதலில் கவனிக்க வேண்டும்.

என் சித்தி மகளுக்கும் இதே தொல்லை. வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பாள். வலி குறையவில்லை. “அதான் ஒண்ணு விடாம ஒதுக்கிட்டியேம்மா, இன்னும் என்ன?” என்று அவள் மாமியார் கேட்டார். “வெங்காயம் தட்டுலதான் அத்தை இருக்கு. அதோட சத்தெல்லாம் குழம்புல இறங்கிடுச்சே” என்றாள், உணவு ஆலோசகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு.

விஷயம் அதுதான். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. கொதித்த குழம்பிலிருந்து வெங்காயத்தை எடுத்துப் போட்டுப் பயனில்லை. ஆனால் முழுப் பூண்டுப் பற்களை நல்லெண்ணெயில் வதக்கி, தண்ணீர் படும் முன் எடுத்துவிட்டால் மணம் எண்ணெயில் நிற்கும், தொல்லை பூண்டோடு போய்விடும். அந்த மாமியார் இப்போது அப்படித்தான் தாளிக்கிறார். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, பெருங்காயம், இஞ்சி, சீரகம். கடலை வகைகளை நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்த நீரையும் வடித்துவிட்டால் சர்க்கரைகளில் ஒரு பகுதி தண்ணீரோடு போகும். இட்லி மாவு புளிக்கும்போது உளுந்திலுள்ள சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. அரிசியில் இந்தத் தொல்லை கிடையாது. முட்டை, மீன், கோழி, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், பப்பாளி, ஆரஞ்சு ஆகியவையும் பெரும்பாலும் பகை ஆவதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இது ஆயுள் முழுக்க இருக்கும் பத்தியம் அல்ல. இரண்டு முதல் ஆறு வாரங்கள் குறைத்துப் பார்க்க வேண்டும். குணம் தெரிந்தால் ஒவ்வொரு உணவாகத் திரும்பக் கொண்டுவந்து, எது எந்த அளவுவரை ஒத்துக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். குணமே தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். நீண்ட நாள் தொடர்ந்தால் குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் பட்டினி கிடக்கும். ஏற்கெனவே மெலிந்தவர்களும் கர்ப்பிணிகளும் ஆலோசகர் துணையில்லாமல் இதில் இறங்கவே கூடாது.

எதில் தொடங்குவது?

முதல் வேலை டாக்டரிடம் போவது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, நடுத்தர வயதுக்குப் பிறகு புதிதாக வந்த மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நாமே முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது. நம் நாட்டில் குடல் காசநோயும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அதேபோல, “அமீபாவாக இருக்கும்” என்று மருந்துக்கடையில் கேட்டு அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப விழுங்குவதையும் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, நோட்டுப் புத்தகம். சாப்பிட்டது, தூங்கியது, வலித்தது, மலம் எப்படி இருந்தது எல்லாவற்றையும் இரண்டு வாரம் எழுதுங்கள். மலத்தின் தன்மையை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை 1997-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. “ஒரு மாதிரி போகுது டாக்டர்” என்று கூச்சப்பட்டுச் சொல்வதைவிட, “இந்த வாரம் ஆறாம் வகை” என்று சொல்வது சிகிச்சையை நேராக்கும்.

மூன்றாவது, எளிய மாற்றங்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, காரமும் எண்ணெயும் குறைவு, டீ காபி குறைவு, தினமும் கொஞ்சம் நடை. மலச்சிக்கல் உள்ளவர்கள் இசப்கோலைக் குறைந்த அளவில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு சாப்பிடலாம். நெதர்லாந்தில் 275 பேரிடம் நடந்த ஆய்வில் இசப்கோல் பலன் தந்தது. கோதுமைத் தவிடு தரவில்லை, பலர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ‘நார்ச்சத்து நல்லது’ என்ற பொது அறிவுரை இந்த நோயில் அப்படியே பொருந்தாது. இவையெல்லாம் போதாது என்று தெரிந்த பிறகே ஃபாட்மேப்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பாலையும் நிறுத்தி, கஷாயமும் குடித்து, புது மாத்திரையும் போட்டால், குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது. பிறகு எதையும் விடப் பயந்து எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டிவரும்.

இது உயிரைக் குடிக்கும் நோய் அல்ல. புற்றுநோயாகவும் மாறாது. ஆனால் வேலையை, பயணத்தை, உறவை, பந்தியில் உட்காரும் சந்தோஷத்தைத் தின்றுவிடும். ‘எல்லாம் நார்மல்’ என்று ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் டாக்டர், அந்த இடத்திலேயே நோயின் பெயரைச் சொல்லி அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், அறிவுரையை நிறுத்திவிட்டு அவருக்குத் தனியாக ஒரு கிண்ணம் குழம்பு தாளித்துக் கொடுங்கள்.

அடுத்த வாரம்: மூளையும் குடலும் பேசிக்கொள்ளும் பாதை. மனச்சோர்வுக்கான மாத்திரையை மிகக் குறைந்த அளவில் வயிற்றுவலிக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

(தொடரும்)