வாடகை கம்மி... வண்டிச் செலவு எவ்வளவு? வீடு மாறப் போறவங்க போட வேண்டிய கணக்கு!

சென்னை: ‘பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பக்கம் போனா வாடகை ரொம்ப கம்மி’ என்று புரோக்கர் சொன்னதுமே பலர் அட்வான்சை நீட்டி விடுகிறார்கள். வேலை எங்கே, அங்கே போய்வர கையில் வண்டி இருக்கா என்று யோசிப்பதில்லை. மிச்சமாகும் வாடகை ரோட்டிலேயே கரைந்து போகிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். பெரும்பாக்கத்தில் இருந்து மயிலாப்பூர் சுமார் 20 கிலோமீட்டர். போக வர 40. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக் என்றாலும், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் தினம் 80 ரூபாய் போச்சு. மாதம் 26 நாள் வேலைக்கு 2 ஆயிரத்து 80 ரூபாய். வண்டி டியூவில் எடுத்தது, மாசம் 3 ஆயிரம் கட்டணும் என்றால் மொத்தம் 5 ஆயிரத்தைத் தாண்டுது. வாடகையில் 4 ஆயிரம் மிச்சம் என்று வந்தவருக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம். டயர், ஆயில், இன்சூரன்ஸ் எல்லாம் தனி.

டியூ முடிந்த வண்டி வைத்திருப்பவருக்கு இதே வீடு லாபம்தான். வண்டியே இல்லாதவர் பாடுதான் திண்டாட்டம்.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண கட்டண பஸ்சில் டிக்கெட் கிடையாது. பெரிய உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் பணம் மிச்சமாகுது, நேரம் மிச்சமாகுதா? காலை 6 மணிக்கு மந்தைவெளியில் வீட்டு வேலைக்கு நிற்க வேண்டியவர், இலவச பஸ் வரலைன்னா ஷேர் ஆட்டோவுக்குத்தான் கைகாட்டணும். வீட்டில் பைக் இருந்தாலும் அதை எடுத்துட்டுப் போறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான். வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25 ஆயிரம் ரூபாய் வரை மானியம் தந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018-ல் வந்தது. 2021 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அதுவும் நின்று போனது.

இதாவது நாமே தேடிப் போகும் வீடு. கூவம், அடையாறு கரையில் இருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு அந்தத் தேர்வும் இல்லை. நடந்து போன வேலை, ஒரே நாளில் 20 கிலோமீட்டர் தள்ளிப் போச்சு. அதனால் கிடைத்த வீட்டைப் பூட்டிவிட்டு பழைய ஏரியாவிலேயே வாடகைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை கவனிக்கணும். குடிசை மாற்று வாரியம் என்று நாம் சொல்லும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீட்டை வெளியாளுக்கு வாடகைக்கு விட்டது தெரிந்தால் ஒதுக்கீடே ரத்தாகும்.

வீடு பார்க்கப் போறவங்க ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. திங்கட்கிழமை விடியற்காலையில் அந்த ஸ்டாப்பில் நின்று, வேலை இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்றீங்கன்னு பாருங்க. ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னும் கண்டக்டரிடம் கேட்டுக்குங்க. அட்வான்ஸ் அதுக்கப்புறம் கொடுக்கலாம்.