உண்டியலும் கிரிப்டோ நாணயமும்: கடைத்தெரு கேட்கும் கேள்விகள்

உண்டியல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது தர்காவிலும் கோயிலிலும் வைக்கப்பட்டிருக்கும் காணிக்கைப் பெட்டியே ஆகும். குழந்தைகள் சில்லறை சேர்க்கும் மண்கலயமும் உண்டியல்தான். ஆயின் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், வணிகர்கள் பணத்திற்கு மாற்றாக எழுதிக்கொடுக்கும் சீட்டு என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்பதைக் காணலாம். வடபுலத்து வணிகர் ஹுண்டி என்று வழங்கியதும் இதனையே. ஓர் ஊரில் ஒரு வணிகரிடம் பணத்தைக் கட்டிச் சீட்டைப் பெற்றுச் சென்றால், வேற்றூரில் அவருடைய கூட்டாளி அச்சீட்டைக் கண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார். பார்த்தவுடன் பணம் தரவேண்டிய உண்டியலும் இருந்தது. தவணை குறித்த உண்டியலும் இருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார் பெருமக்களின் வணிகத்திற்கு இச்சீட்டு முதுகெலும்பாக விளங்கியது.

கிரிப்டோ நாணயத்தைப் பற்றி எழுதப் புகுந்து உண்டியலைப் பற்றிப் பேசுவானேன் என்று மாணவர்கள் வினவலாம். காரணம் உண்டு. நடுவில் அரசோ மைய வங்கியோ இல்லாமல் பணத்தை ஊர்விட்டு ஊர் செலுத்தும் முறை புதியதன்று. இஸ்லாமியச் சட்டநூல்கள் ஒருவரின் கடனை மற்றொருவர் பொறுப்பில் மாற்றிவிடுவதை 'ஹவாலா' என்னும் தலைப்பிலேயே விரித்துப் பேசுகின்றன. இன்று அச்சொல் செய்தித்தாள்களில் குற்றச் செய்தியாக மட்டுமே இடம்பெறுவது காலத்தின் கோலம் எனலாம். (1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி அம்முறையில் வெளிநாட்டுப் பணம் பெறுவது சட்டமீறலே என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும்.) வசூல், பாக்கி, அசல், ஜாமீன், சராபு என நம் கடைத்தெருவில் புழங்கும் அரபுச் சொற்களை எண்ணிப் பார்த்தால், கொடுக்கல் வாங்கல் என்பது மொழிகளைக் கடந்த நம்பிக்கையின்மேல் எழுந்தது என்பது விளங்கும்.

ஊரறிந்த பேரேடு

2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சத்தோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. எழுதியவர் யாரென்பது இன்றுவரை ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. வங்கியின் துணையின்றி இருவர் கணிப்பொறி வழியே பணம் மாற்றிக்கொள்ளும் வழியை அக்கட்டுரை கூறிற்று. 2009 சனவரியில் பிட்காயின் செயற்படத் தொடங்கியது.

இதன் உட்பொருளை எளிதாகக் கூறலாம். கணிப்பொறியில் உள்ள எதனையும் படியெடுக்க இயலும். அவ்வாறாயின் ஒரே காசை இருவருக்குக் கொடுத்து ஏமாற்றாமல் தடுப்பது எங்ஙனம்? வங்கியில் பேரேடு வங்கியிடம் இருக்கிறது. அது கழித்துக் கூட்டி வைக்கிறது. பிட்காயினில் அப்பேரேட்டின் படி உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கிறது. ஏறத்தாழ பத்து நிமிடத்திற்கு ஒரு முறை புதிய கொடுக்கல் வாங்கல்கள் ஒரு கட்டமாகத் தொகுக்கப்பட்டு முந்தைய கட்டத்தோடு பிணைக்கப்படுகின்றன. ஒரு கட்டத்தைத் திருத்த முயல்பவர் அதன் பின்வந்த கட்டங்கள் யாவற்றையும் திருத்தியாக வேண்டும். இதனாலேயே இதற்குப் பிளாக்செயின், அதாவது கட்டங்களின் சங்கிலி, என்று பெயர் வந்தது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்குமேல் உருவாக வழியில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனமாகும். அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துச் சாட்சிகளை அமைத்துக்கொள்ள வேண்டிய முறையைப் பேசுகிறது. எழுத்தும் சாட்சியும் என்ற அளவில் நோக்கினால், பிளாக்செயின் ஆயிரம் சாட்சிகள் ஒப்பமிட்ட ஏடு போன்றதே. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அவ்வசனம் கூறும் எழுத்தரும் சாட்சிகளும் முகமும் பெயரும் உடையவர்கள். வழக்கு வந்தால் வந்து நின்று சொல்லக்கூடியவர்கள். இங்கோ சாட்சிகள் கணக்கைச் சரிபார்க்கும் இயந்திரங்கள். பணம் சென்றது உண்மையா என்று கேட்டால் அவை விடை கூறும். பணத்தைப் பெற்றவர் பொருளை அனுப்பினாரா என்று கேட்டால் அவற்றிற்கு ஒன்றும் தெரியாது.

எல் சால்வடார் கற்ற பாடம்

இத்தகைய நாணயத்தை அன்றாடம் காய்கறி வாங்குவோர் ஏற்பார்களா என்பதை ஒரு நாடே சோதித்துப் பார்த்தது. நடு அமெரிக்காவிலுள்ள எல் சால்வடார் 2021 செப்டம்பர் 7ஆம் நாள் முதல் பிட்காயினைச் சட்டப்படியான செலாவணியாக ஆக்கியது. அதனைச் செய்த முதல் நாடு அதுவே. 'சிவோ' என்ற பெயரில் கைப்பேசிப் பணப்பை ஒன்றை அரசே வெளியிட்டு, அதில் பதிவு செய்வோர்க்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயினை அன்பளிப்பாக வழங்கியது. கழிவு இல்லை, கட்டணம் இல்லை, வாங்க மறுக்கும் கடைக்காரர்க்கு இடமும் இல்லை. பயனாளரை ஈர்க்க இதனினும் வேறென்ன செய்ய இயலும்?

மக்கள் திரண்டு பதிவு செய்தார்கள்; 30 டாலரைப் பெற்றார்கள்; செலவழித்தார்கள். பின்னர்ப் பெரும்பாலோர் அப்பணப்பையைத் திறக்கவே இல்லை. பொருளியல் ஆய்வாளர்கள் மறு ஆண்டே வீடுவீடாக விசாரித்து இதனை வெளியிட்டார்கள். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலராக இருந்த ஒரு பிட்காயினின் விலை, 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே வந்தது. ஆயிரம் ரூபாய்க்கு அரிசி விற்றவர் அதனை அப்படியே வைத்திருந்தால் ஓராண்டில் 230 ரூபாய் அளவே மிஞ்சியிருக்கும். கூடியிருந்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. கூடும் என்று எண்ணுபவர் அதனைச் செலவழிக்க மாட்டார். குறையும் என்று அஞ்சுபவர் அதனை வாங்க மாட்டார். இருபுறமும் கடைத்தெருவில் அது நடமாடாது. பன்னாட்டு நிதியத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து 2025 சனவரியில் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, பிட்காயினை ஏற்பது அவரவர் விருப்பம் என்று ஆக்கியது.

இலவசம் மக்களை வாயில்வரை அழைத்து வரும். உள்ளே அமரவைப்பது வேறொன்று.

நம் கடைகளில் நடந்தது

அது யாது என்பதை அறிய எல் சால்வடாருக்குப் போக வேண்டுவதில்லை. முத்தாபுதுப்பேட்டைக் கடைத்தெருவில் நின்றாலே போதும். விமானப்படை நிலையத்தை அடுத்துள்ள இவ்வூரில் பல மாநிலத்தவரும் வந்து தங்குகிறார்கள். பஞ்சாபிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து இங்குள்ள கீரைக்காரம்மாவுக்கு நொடிப்பொழுதில் பத்து ரூபாய் வந்துவிடுகிறது. 2016 ஏப்ரலில் அறிமுகமான யு.பி.ஐ. முறையின் செயல் இது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டது ஒரு தள்ளுதலாக அமைந்தது உண்மையே. ஆயினும் அத்துன்பம் தீர்ந்த பின்னும் மக்கள் அதனை விடவில்லை. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன.

காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ரூபாய் ரூபாயாகவே வருகிறது. 2020 சனவரி முதல் கடைக்காரரிடம் கழிவு பிடிப்பதில்லை. கடையில் வைத்திருக்கும் சிறு ஒலிப்பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் அறிவிக்கிறது. என் கருத்தில், பயனாளரை வென்ற உத்திகளுள் தலையாயது இவ்வொலிப்பெட்டியே ஆகும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் காதால் சரிபார்க்க முடிகிறதல்லவா? யு.பி.ஐ. மையமற்ற முறையன்று, தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதனை நடத்துகிறது. வங்கிக் கணினி படுத்துவிட்டால் கடையில் வரிசை நின்றுவிடும். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதும் ஓரிடத்தில் சேர்கிறது. மையமற்ற முறையை விரும்புவோர் சுட்டும் இக்குறைகள் மெய்யானவை. ஆனால் கீரை வாங்குபவர்க்கு அவை அன்றாடக் குறைகளாகத் தோன்றவில்லை.

இந்தியாவில் கிரிப்டோ நாணயத்தின் நிலை யாது? ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விதித்த வங்கித் தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4ஆம் நாள் நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் அதில் வரும் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி உண்டு. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் இயலாது. வைத்திருப்பது குற்றமன்று, ஆயின் அது சட்டப்படியான செலாவணியும் அன்று. கிரிப்டோவால் தேநீர் வாங்கினால், அந்தத் தேநீருக்கும் ஆதாயக் கணக்கு எழுத வேண்டியவராகிறோம். 2024 சூலையில் வாசிர்எக்ஸ் என்னும் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அதில் கணக்கு வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். கிரிப்டோ நாணயம் சொத்து என்ற தன்மையுடையதே என 2025 அக்டோபரில் நீதிமன்றம் கூறியது. மையமற்றது என்று வாங்கியவரும் இறுதியில் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் படியேற வேண்டியிருந்தது என்பது நோக்கத்தக்கது.

எங்கே இடம் உண்டு?

அவ்வாறாயின் இம்முறைக்கு அன்றாட வாழ்வில் இடமே இல்லையா? இருக்கிறது, கீரைக்கடையில் அன்று, கடல் கடந்த உழைப்பாளியின் சம்பள நாளில். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த தொகை ஏறத்தாழ 12,900 கோடி டாலர். நம் சமுதாயத்தில் வளைகுடாவில் ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் குறைவு. அனுப்பும் கூலியும் நாணய மாற்றில் போகும் இழப்பும் அவர்களுக்குத் தெரியும்.

ஈழத்துத் தமிழர்களிடையே உண்டியல் என்னும் சொல் இன்றும் பழைய பொருளிலேயே உயிரோடு இருக்கிறது. 2021-22இல் இலங்கை வங்கிகள் ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாய் கொடுத்தபோது, உண்டியல்காரர் அதனினும் கூடுதலாகக் கொடுத்தார். வீட்டிலேயே கொண்டுவந்தும் கொடுத்தார். மைய வங்கி எச்சரித்தும் மக்கள் அவரிடமே சென்றார்கள். கூடுதல் விலை, வீட்டு வாசல், தெரிந்த முகம் ஆகிய மூன்றுக்கும் நிகராக எந்த விளம்பரமும் நின்றதில்லை.

டாலருக்கு நிகராக விலை நிறுத்தப்பட்ட 'நிலைநாணயங்கள்' இந்த இடத்தைப் பிடிக்க முயல்கின்றன. ஏற்ற இறக்கம் என்ற முதற்குறை அவற்றில் குறைவு. ஆனால் அந்நிகர் எதனால் தாங்கப்படுகிறது என்று கேட்டே தீர வேண்டும். பெரும்பாலும் கணக்கு விதியையே நம்பி டாலரோடு பிணைக்கப்பட்டிருந்த டெர்ரா நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களில் சரிந்தது.

மார்க்க அறிஞர்களும் இதில் ஒருமித்துக் கூறவில்லை. எகிப்தின் தலைமை முப்தி 2018இல் கூடாதென்றார். இந்தோனேசிய உலமா மன்றம் 2021இல் செலாவணியாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியப் பங்கு ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ, பதிவுபெற்ற பரிமாற்றகங்களில் வாங்கி விற்பதை 2020இல் அனுமதித்தது. தெளிவின்மையாகிய 'கரர்', சூதாட்டத்தன்மை ஆகியவையே விவாதத்தின் மையம். விலை ஏறும் என்று வாங்கிப் பதுக்குவதும், உழைத்த கூலியை ஊருக்கு அனுப்ப ஒரு நாள் பயன்படுத்துவதும் ஒன்றா என்பதை அவர்கள் தெளிவுபடுத்தினால் நலம்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "புதிய நாணயம், பத்துப் பேரைச் சேர்த்தால் கழிவு" என்று கல்லூரி வாயிலில் வந்து நிற்பவர் பணம் செலுத்தும் முறையை விற்கவில்லை. உங்கள் நண்பர்களை வாங்குகிறார். அந்த நாணயத்தால் எந்தக் கடையில் ஒரு படி அரிசி வாங்கலாம் என்று கேளுங்கள்.

கணிப்பொறித் துறை மாணவர்கள் மெய்யாகவே இத்தகைய தளம் ஒன்றை அமைக்க முனைவார்களாயின், அவர்கள் முதலில் சிந்திக்க வேண்டியது இரகசியத் திறவுகோலைப் பற்றியே. மையமற்ற முறையில் பணத்துக்கு உரியவர் என்பதற்கு ஒரே சான்று அத்திறவுகோல்தான். அதனை மறந்தால் மீட்டுத்தர மேலாளர் இல்லை. தவறான முகவரிக்கு அனுப்பினால் திருப்பித்தர ஆளில்லை. கனடாவின் குவாட்ரிகா பரிமாற்றகத்தை நிறுவியவர் 2018 டிசம்பரில் நம் நாட்டின் செய்ப்பூரில் இறந்தார். திறவுகோல்கள் அவரிடம் மட்டுமே இருந்தன என்று கூறப்பட்டதால் பல்லாயிரவர் தம் பணத்தை எடுக்க இயலாமற் போயிற்று. அப்பணத்தின் பெரும்பகுதியை அவர் முன்னரே மோசடியாக இழந்திருந்தார் என்பது பின்னைய விசாரணையில் தெரியவந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய கடனை அடைத்து, வசிய்யத்தை நிறைவேற்றி, எஞ்சியதை வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். திறவுகோலை ஒருவரிடமும் சொல்லாதே என்கிறது தொழில்நுட்பம். மனைவியும் மக்களும் அறியாத பணத்தை எங்ஙனம் பங்கிடுவது? பாதித் திறவுகோலை வீட்டாரிடமும் பாதியை நம்பகமான மூன்றாமவரிடமும் வைக்கும் வழிகளும், பலர் ஒப்பமிட்டால் மட்டுமே திறக்கும் பணப்பைகளும் இப்போது உள்ளன. வளைகுடாவிலிருக்கும் ஒருவர் அத்தகைய நாணயத்தில் சேமிப்பு வைத்திருந்தால், அது எவ்வளவு, எந்தப் பணப்பையில், யார் யார் சேர்ந்து திறக்க வேண்டும் என்பனவற்றை வசிய்யத்தாக எழுதி, இரு சாட்சிகளை வைத்துக் கையொப்பமிட்டு வீட்டில் கொடுத்துச் செல்லட்டும்.