பறவைக்குக் கால் வளையம்!
கோடியக்கரையில் நடக்கும் ஆராய்ச்சி

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது, கோடியக்கரை. ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம் பாக் நீரிணை. நடுவே காடும், உப்பளமும், சேற்று நிலமும்.

இந்த ஊரில் மலை கிடையாது. "ராமர் பாதம்" என்னும் மணல் மேடுதான் இங்கு உயரமான இடம். ஆனாலும் இமயமலைக்கு அப்பாலிருந்து ஆண்டுதோறும் இங்கே விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் மனிதர்கள் அல்ல, பறவைகள்!

ஆவணி, புரட்டாசியில் அவை வரத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் சேற்று நிலம் முழுவதும் பறவைக் கூட்டமாக இருக்கும். பங்குனி, சித்திரையில் வந்த வழியே திரும்பிவிடும்.

பாதி முட்டை எடை

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் முதலில் தேடுவது பூநாரையைத்தான். நெட்டைக் கால், நீண்ட கழுத்து, இளஞ்சிவப்பு இறக்கை. ஆனால், ஆராய்ச்சிக்காரர்களின் கண் சேற்றில் குடுகுடுவென்று ஓடும் சின்னஞ்சிறு உள்ளான்கள் மீது இருக்கிறது.

அவற்றில் ஒன்று கொசு உள்ளான். பாதிக் கோழி முட்டையின் எடைதான் இருக்கும். வடதுருவத்தை அடுத்த பனிப் பிரதேசத்தில் இது குஞ்சு பொரிக்கிறது. அங்கே குளிர் வருமுன் தெற்கே கிளம்பிவிடுகிறது. ருஷியாவின் வடகோடியில் இருந்து கோடியக்கரைக்கு நேர்கோட்டில் அளந்தாலே 4 ஆயிரம் மைலுக்கு மேல் வரும்!

இமயமலை அடிவாரத்தில் இருந்து வரும் பறவையும் உண்டு. அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் வந்த பெயர் அது. கோடியக்கரைக் காட்டில் களைப்பாறிவிட்டு, கடலைத் தாண்டி இலங்கைக்கும் செல்லும்.

வாத்தியாரின் யோசனை

எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு வழி சொன்னவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். டென்மார்க் தேசத்தைச் சேர்ந்தவர். பெயர் மார்ட்டென்சன். 1899-ம் ஆண்டில், மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளைப் பிடித்தார். எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். அந்தப் பறவை வேறு ஊரில் கிடைத்தால், எண்ணைப் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா?

இன்று உலகம் முழுவதும் இந்த முறை கையாளப்படுகிறது.

இந்தியாவில் இந்த வேலை பெரிய அளவில் நடக்க ஒரு நோய் காரணமாயிற்று. 1957-ம் ஆண்டு மைசூர் ராஜ்யக் காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது. ருஷியாவில் உள்ள ஒரு நோயைப் போல அது இருந்ததால், பறவைகள் கொண்டு வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. அந்தக் காய்ச்சலைப் பரப்புவது காட்டு உண்ணி என்று பின்னர் தெரிந்தது.

ஆனால் அந்தச் சந்தேகத்தால் ஒரு நன்மை விளைந்தது. உலக சுகாதார நிறுவனம் பண உதவி செய்தது. பறவை அறிஞர் டாக்டர் சலீம் அலியின் தலைமையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையம் போட்டது. பிற்பாடு கோடியக்கரை அந்த ஆராய்ச்சிக்கு முக்கியமான இடமாயிற்று. 1967-ல் இது சரணாலயம் ஆனது.

வலையும் நோட்டுப் புத்தகமும்

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் கட்டிப் பறவையைப் பிடிக்கிறார்கள். பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பறவை பிடிப்போரும் இந்த வேலைக்கு உதவியிருக்கிறார்கள். பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றவர்களின் கைத்திறன், ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது!

பிடித்த பறவையைத் துணிப் பைக்குள் போட்டு நிறுப்பார்கள். அலகு எவ்வளவு நீளம், இறக்கை எவ்வளவு நீளம் என்று அளப்பார்கள். நோட்டில் குறித்துக்கொண்டு, வளையத்தை மாட்டி விட்டுவிடுவார்கள்.

அலகை அளந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். 2016-ம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அதற்குப் பதில் சொல்கிறது.

உள்ளான் இனத்தில் சற்றுப் பெரிய பறவை ஒன்று, ருஷியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிறது. பூமி சூடாகி வருவதால் அங்கே பனி முன்னதாகவே உருகிவிடுகிறது. புழு பூச்சிகளும் முன்னதாகவே பெருகி அடங்கிவிடுகின்றன. குஞ்சு வெளிவரும்போது போதிய இரை இல்லை. அதனால் உடல் சிறுத்து, அலகும் குட்டையாகிறது. ஆப்பிரிக்கக் கரையில் மணலுக்கு அடியில் உள்ள சிப்பியை, குட்டை அலகால் எட்ட முடிவதில்லை. பல பறவைகள் முதல் ஆண்டிலேயே மாண்டு போகின்றன.

வடக்கே பனி உருகியதற்குத் தெற்கே பறவை பட்டினி கிடக்கிறது! பல ஆண்டுகள் பொறுமையாக அலகை அளந்து வைத்ததால்தான் இது தெரிந்தது. கோடியக்கரைக்கு வரும் உள்ளான்கள் பலவற்றுக்கும் தாய்வீடு அதே பனிப் பிரதேசம்தான்.

ஒரே மழை

கோடியக்கரையிலும் கவலை இருக்கிறது. முன்பு லட்சக்கணக்கில் வந்த சிறு உள்ளான்கள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையும், காவிரியின் கடைமடை வாய்க்கால்களில் வடிந்து வரும் தண்ணீரும்தான் இந்தச் சேற்று நிலத்தின் உப்பைத் தணிக்கின்றன. அப்போதுதான் பறவைக்கு இரையாகும் சிறு பூச்சிகள் பெருகும். மழை பொய்த்தால் உப்பு ஏறிவிடும். ஒரேயடியாகக் கொட்டினாலோ தண்ணீர் ஆழமாகி, சின்னக் காலுள்ள பறவை நிற்க முடியாமல் போகும்.

பயிர் வைத்த கடைமடை விவசாயிக்கும் இதே கதிதான். தண்ணீர் வராவிட்டால் பயிர் காயும். அதிகம் வந்தால் அழுகும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி வீசிய கஜா புயலை இந்த வட்டாரம் மறக்கவில்லை. தென்னையும் வீடுகளும் சாய்ந்த அன்றே கோடியக்கரைக் காட்டு மரங்களும் சாய்ந்தன. மான்கள் மடிந்தன.

நீங்களும் உதவலாம்

வயல் வரப்பிலோ, குளக்கரையிலோ, கடற்கரையிலோ, காலில் வளையம் உள்ள பறவையை நீங்களும் பார்க்கக்கூடும். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்ற வேண்டாம். எண்ணைப் படிக்க முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். பறவை இறந்து கிடந்தாலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயர், தேதி இரண்டையும் சேர்த்து, வனத்துறைக்கோ, மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ தெரிவியுங்கள். கழகத்தின் பெயர் வளையத்திலேயே பொறித்திருக்கும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகூட இந்த உதவியைச் செய்யலாம். பறவை எந்த வழியாக வந்தது, எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பது அந்த எண்ணைக் கொண்டுதான் தெரியவரும்.