கற்கள் காத்த புல்வெளி
அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தைத் துணைக்கோளப் படத்தில் பார்த்தபோது, இஸ்திரிப்பெட்டி வடிவில் ஒரு மேடு என் கண்ணில் பட்டது. பெயர் 'கோட்டோ டே பிரேரி'. பிரெஞ்சு மொழியில் 'புல்வெளி மேடு' என்று பொருள். நீளம் சுமார் 320 கிலோமீட்டர்.

மேடு என்றால் பாறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதுவோ பெரும்பாலும் பனியாறுகள் பலமுறை கொட்டிவிட்டுப் போன களிமண், மணல், கற்களின் குவியல். கடைசிப் பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனி, இம்மேட்டின் வடமுனையில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை கிழக்கே மினசோட்டா வழியாக ஐயோவா வரை சென்றது; மற்றது மேற்கே ஜேம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கை நிறைத்தது. இரண்டும் பக்கவாட்டு நிலத்தைச் சுரண்டித் தாழ்த்தியதால் நடுவில் மேடு மேலும் எடுப்பாக நின்றது. மண்ணில் புதைந்த பனிக்கட்டிகள் உருகிய பள்ளங்களே இன்று வாத்துகள் குஞ்சு பொரிக்கும் குளங்கள்.

சுற்றியுள்ள சமவெளியில் இயற்கைப் புல்வெளி ஏறக்குறைய முழுவதும் வயலாகிவிட்டது. மேட்டில் மட்டும் பனி விட்டுச்சென்ற கற்கள் ஏரைத் தடுத்தன. பழைய புல்வெளி ஆங்காங்கே பிழைத்தது. இப்போது கனரக இயந்திரங்கள் அந்தக் கற்களையும் பெயர்த்தெடுக்கின்றன. இனிமேல் அந்தப் புல்லைக் கல் காக்காது. மனிதர்கள்தாம் காக்க வேண்டும்.