மன்னார்க் களப்பில் மாரிகாலப் பறவைகள்

மார்கழி மாதத்து விடுமுறையிற் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா வீடுதோறும் எழுவதொன்று. உறவினர் வீடும் கோயிலும் போக, ஒரு சிறு வள்ளத்தில் ஏறி மன்னார்க் களப்பைச் சுற்றி வருவோரும் இந்நாளில் உளர். அங்ஙனஞ் செல்வோர் அங்கே காண்பது யாது, அதனைக் கெடுக்காமற் காண்பது எவ்வாறு என்பன அறியத்தக்கன.

பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் பாதையின் இருமருங்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கின்றது. அதன் தென்பால், திருக்கேதீச்சரத்துக்கும் வங்காலைக்கும் அண்மையிலுள்ள சேற்றுநிலமும் உவர்நிலமும் 2008 ஆம் ஆண்டிற் பறவைகட்குரிய சரணாலயமாக்கப்பட்டன. 2010 ஆம் ஆண்டில் அவை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார்ப் பட்டியலிலும் இடம்பெற்றன. ஐப்பசி தொடங்கிப் பெய்யும் வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் இங்கு வந்து தேங்குகின்றது. மழை ஓய்ந்தபின் நீர் சிறிது சிறிதாக வற்ற, விளிம்பிலுள்ள சேறு வெளிப்படும். அச்சேற்றிலே புழுவும் நத்தையும் சிற்றிறாலும் நிறைந்திருக்கும். பறவைகட்கு அதுவே பந்தி. ஒருநாள் ஓரிடத்தில் ஈண்டியிருந்த கூட்டம் மறுவாரம் அங்கே காணப்படாமைக்குக் காரணமும் இதுவே. நீர்விளிம்பு நகர, உண்போரும் உடன் நகர்கின்றனர்.

இவ்விருந்தினர் வரும் தொலைவு சிறிதன்று. சேற்றின்மேல் எலிக்குஞ்சு போல ஓடித்திரியும் சிற்றுள்ளான் ஏறக்குறைய முப்பது கிராம் எடையுடையது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதோ வடதுருவத்தை அடுத்த சைபீரியச் சமவெளியில். பழுப்புத்தலைக் கடற்காகம் நடு ஆசியாவின் உயர்ந்த ஏரிகளிலிருந்து வருகின்றது. இவையெல்லாம் ஊகமாக இருந்த காலம் ஒன்றுண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மன்னாரிற் சில கடற்காகங்களின் உடலிற் சிறு கருவிகளைப் பொருத்தி, செய்மதி வாயிலாக அவற்றின் வழியைத் தொடர்ந்தனர். 2021 ஆம் ஆண்டில் அவற்றுளொன்று இரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பத்தை அடைந்தது. நேர்கோட்டிலே கணக்கிடினும் அது ஏறக்குறைய 7,000 கிலோமீற்றர் ஆகும். தெற்கே வந்த நாரை பின்னர் வடக்கே திரும்பும் என்பதைத் தமிழ்ப் புலவர் முன்னரே கண்டிருந்தனர். சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூதுவிடத் தேர்ந்த பறவை நாரையாயினமை அதனாலன்றோ?

வள்ளத்திற் செல்வோர் பெரிதும் விரும்பிக் காண்பது பூநாரை. சில ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்கில் இங்கு கூடுவதுண்டு. கட்ச் வளைகுடாப் பக்கத்து உவர்நிலம் அவை கூடுகட்டும் இடங்களுள் ஒன்று. அவை இரைகொள்ளும் முறை விந்தையானது. நீண்ட கழுத்தை வளைத்துத் தலையைக் கீழ்மேலாக்கி அலகை நீரில் அமிழ்த்துகின்றன. நாக்கு முன்னும் பின்னும் இயங்கி நீரை உள்ளிழுத்து வெளியேற்றும்போது, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தகடுகள் நுண்ணிரையைத் தடுத்து நிறுத்துகின்றன. அவற்றின் செந்நிறமும் அவ்வுணவிலிருந்து பெற்றதே. சாம்பல் நிறத்தனவாய் இடையிடையே நிற்பவற்றை வேறோர் இனமென்று பலர் கருதுவர். அவை நிறம் ஏறாத இளம் பறவைகள்.

நிற்கும் பூநாரை தொலைவில் வெண்மையாகவே தோன்றும். சிறகு விரிந்தாற்றான் உள்ளிருக்கும் செம்மையும் கருமையும் புலப்படும். இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. அந்தச் செம்மையைக் காணவும் படம் பிடிக்கவும் விழைவோர் கைதட்டுகின்றனர். இயந்திரத்தை உறுமச் செய்து கூட்டத்தை நோக்கி வள்ளத்தைச் செலுத்தும்படி ஓட்டியைத் தூண்டுகின்றனர். கூட்டம் முழுதும் எழும். கண்ணுக்கு அது பெருவிருந்து, பறவைக்கோ பெருஞ்செலவு. பூநாரை நின்ற இடத்திலிருந்து மேலெழ வல்லதன்று. நீரின்மேற் பல அடி ஓடிச் சிறகடித்தே எழவேண்டும். சிற்றுள்ளான் முதலாய நெடும்பயணிகளின் நிலை இன்னும் கடுமையானது. புறப்படுமுன் உண்டு சேர்க்கும் கொழுப்பே அவற்றுக்கு வழியுணவு. தம் எடையிற் பாதிக்கு மேலும் கொழுப்புச் சேர்க்கும் கரைப்பறவைகள் உள. ஒருமுறை கலைத்தால் இரு நட்டங்கள்: சேர்த்த கொழுப்பிற் சிறிது எரிகின்றது, உண்ணும் பொழுதிற் சிறிது கழிகின்றது. காலையிற் பத்து வள்ளங்கள் வந்து பத்து முறை எழுப்பினால் என்னாகும் என்பதை அங்காடிக் கணக்குத் தெரிந்த எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

எத்துணைத் தொலைவில் நிற்பது என்பதற்குப் பறவையே விடை சொல்லும். தலை தாழ்த்தி உண்டுகொண்டிருந்தவை தலைதூக்கினால் வள்ளம் போதிய அளவு நெருங்கிவிட்டது என்பது பொருள். உண்பதை விட்டு ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் மிக நெருங்கிவிட்டது. உடனே பின்வாங்குதல் வேண்டும். களப்பின் விளிம்பை அடையுமுன்னரே இயந்திரத்தை நிறுத்தி, நீண்ட கோலை ஊன்றிச் செல்லும் பழைய முறையே இங்கு சிறந்தது. பறவைகளை நோக்கி நேரே செல்லாது பக்கவாட்டிற் சாய்ந்து செல்லுதலும் நன்று. பறவைகள் காற்றை எதிர்த்தே எழுவன. ஆதலின் காற்று வரும் திசையை மறித்து நிற்றல் ஆகாது. வாடைக்காற்று வலுக்குமுன், விடியலை அடுத்த இரண்டொரு மணிநேரமே ஏற்ற வேளை. உயிர்காப்பு அங்கி அணியாது பிள்ளைகளை ஏற்றுதல் ஒருபோதும் தகாது. நல்ல தொலைநோக்காடி ஒன்று இருப்பின், அண்மைக்குப் போகும் ஆவலும் பெரும்பாலும் தணிந்துவிடும்.

களப்பைக் கடந்து கடற்பக்கம் செல்வோர்க்கு ஓங்கில் தென்படலாம். ஆவுளியாவைக் காண்பது மிக அரிது. கடற்பசு எனவும் பெயர்பெறும் இவ்விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. மூச்செடுக்க மூக்கை மட்டும் நீர்மேல் நீட்டி மறைவது. 1861 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எமர்சன் தெனன்ற் இதனைக் கடற்கன்னிக் கதைகளுடன் தொடர்புபடுத்தி எழுதினார். ஒரு கன்றை ஈன ஓராண்டுக்கு மேல் வயிற்றிற் சுமப்பது. மறுகன்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே வலையில் ஒன்றிரண்டு மாண்டாலும் இனம் எளிதில் ஈடுபெறாது. பாக்கு நீரிணையின் மறுகரையில் 448 சதுர கிலோமீற்றர்ப் பரப்பைத் தமிழ்நாட்டு அரசு 2022 ஆம் ஆண்டில் இதன் காப்பிடமாக அறிவித்தது. ஆழமற்ற கடலில் வள்ளத்தின் சுழலி கடற்புல்லை வேரொடு கிழிப்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும். அப்புல் மீண்டும் அடர ஆண்டுகள் பல ஆகும்.

பங்குனி சித்திரையிற் களப்பு வற்றி வெடிக்கும். பறவைகள் கூட்டங்கூட்டமாக வடக்கே எழுந்து போய்விடும். அப்பொழுதும் கடற்கரை வெறிச்சோடுவதில்லை. தலைமன்னாருக்கு அப்பால் இராமர் அணையின் மணற்றிட்டுகளில் ஆலாக்கள் கோடையில் வந்து வெறுமணலில் முட்டையிடும். மணலின் நிறமே முட்டையின் நிறம். கால் வைத்தபின்னரே கண்ணுக்குத் தெரியும். அக்காலத்தில் வள்ளங்கள் அத்திட்டுகளில் இறங்காது விலகியே செல்லுதல் வேண்டும்.