விடை சொன்ன பின்னர் நடக்கும் வேலை



திருப்பூரில் ஒரு பனியன் பல கைகளைக் கடந்தே உருவாகிறது. பின்னிய துணி சாயப்பட்டறைக்குச் செல்கிறது. பின்னர்க் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எனப் பயணம் தொடர்கிறது. சாயப்பட்டறைக்குத் துணி கொண்டுசெல்பவர், சாயம் ஏறி முடியும்வரை வாயிலில் காத்து நிற்பதில்லை. எடையைப் பதிவு செய்து, சலானில் கையொப்பம் பெற்றுத் திரும்பிவிடுகிறார். வேலை அதன்பின்னரே நடைபெறுகிறது. கணினியிலும் இம்முறை உண்டு.

நாம் இணையப் பக்கமொன்றில் ஒரு பொத்தானை அழுத்தினால், தொலைவிலுள்ள சேவையகக் கணினிக்கு ஒரு வேண்டுகோள் செல்கிறது. விடை வரும்வரை நம் திரை காத்திருக்கும். நொடியில் முடியும் வேலையாயின் இடரில்லை. நீண்ட வேலையாயின், நாம் பொறுத்தாலும் இடையிலுள்ள மென்பொருள் பொறுக்காது. வேண்டுகோள்களைக் கடத்தும் என்ஜின்எக்ஸ், நாம் வேறு வகையில் அமைக்காதவரை, 60 விநாடி மறுமொழி இல்லையெனில் காத்திருப்பதைக் கைவிட்டுவிடும். ஆதலின் விடையை முதலில் அனுப்பிவிட்டு, வேலையைப் பின்னர்ச் செய்வதே அறிவுடைமை எனத் தோன்றும். நானும் அவ்வாறே எண்ணினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பனியன் கம்பெனிக்குக் கூலிக்கணக்கு நிரல் எழுதினேன். சனிக்கிழமை மாலை எழுத்தர் பொத்தானை அழுத்தியதும் "முடிந்தது" என்ற விடை தோன்றும். அதன் பின்னரே ஒவ்வொருவருக்கும் பீஸ் கணக்குக் கூட்டப்பட்டுக் கூலிச்சீட்டு அனுப்பப்படும். ஒருநாள் இடையில் மின்சாரம் நின்றது. எஞ்சிய பெயர்கள் கணினியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருந்தமையால் அழிந்தொழிந்தன. எழுத்தரோ திரையை நம்பி வீடு சென்றுவிட்டார். தையல் பிரிவுப் பெண்கள் பலர் சீட்டின்றி, ஆகவே கூலியின்றி நின்றனர். பதறி நிரலை மறுபடியும் ஓட்டினேன். முன்னரே பெற்றவர்களுக்கு இரண்டாம் சீட்டும் போய்ச் சேர்ந்தது. பிழை மின்சாரத்தினுடையதன்று, என்னுடையது.

அப்போதுதான் சாயப்பட்டறைச் சலானின் பொருள் எனக்கு விளங்கிற்று. அங்கே முதலில் பதிவு, பிறகே கையொப்பம். நான் பதிவின்றிக் கையொப்பமிட்டேன். எனவே நிரலை மாற்றினேன். வேண்டுகோள் வந்ததும், மின்சாரம் போனாலும் அழியாத தரவுத்தளத்தில் வேலைகள் வரிசையாக எழுதப்படும். அதன்பின்னரே விடை செல்லும். வேறொரு நிரல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும். செய்து முடித்த பின்னரே அடித்துவிடும். ஆனால் செய்த பின், அடிக்குமுன் அந்நிரல் நின்றுபோனால்? அதே வேலை மீண்டும் நடக்கும். ஆகவே, ஒரு தொழிலாளிக்கு ஒரு வாரத்தில் ஒரே கூலிதான் வழங்கலாம் என்ற விதியையும் கணக்கேட்டில் சேர்த்தேன். சீட்டு இருமுறை போனாலும் கூலி இருமுறை போகாது.

விடையின் சொல்லையும் திருத்தினேன். 1996இல் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.0 விதிகளிலேயே, 200 என்பது "சரி" என்றும், 202 என்பது "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றும் பொருள்படும். வேலை இன்னும் முடியவில்லை என்பதே 202இன் உட்பொருள். இப்போது எழுத்தரின் திரையில் "ஏற்றுக்கொண்டோம்" என்ற சொல்லும் ஓர் எண்ணும் தோன்றும். அவ்வெண்ணைக் கொண்டு எத்தனை சீட்டு எஞ்சியுள்ளன என்பதைப் பார்த்த பின்னரே அவர் வீடு திரும்புகிறார்.

நண்பர்களே, விரைந்து விடை சொல்வது நன்று. ஆயினும் ஏற்றதை ஏற்றது என்றும், முடித்ததை முடித்தது என்றும் சொல்ல வேண்டும். அவ்விரு சொற்களுக்கும் இடையே ஒருவரின் வாரக்கூலி இருக்கிறது.