கைப்பேசியில் காக்க வேண்டிய நற்பெயர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், போடிநாயக்கனூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ராசிங்காபுரம் போன்ற ஊர்களில், பொழுது புலருமுன்பே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. முற்காலத்தில் ஒருவரது நாணயத்தை ஊர்ச் சாவடியில் எடை போட்டார்கள். இன்றோ வாட்ஸ்அப், முகநூல் முதலியவற்றில் நாம் எழுதும் ஒரு வரி, ஜீப்பு மலையேறி முடிப்பதற்குள் பல ஊர்களை எட்டிவிடுகிறது. ஆகவே, பொதுப்பணியில் ஈடுபட்டோரும் விளைபொருள் விற்போரும் அங்கே தம் பெயரைக் காத்துக்கொள்ளும் முறையை அறிந்திருத்தல் அவசியமாகும்.

உண்மையே முதல் விதி

பிறருக்குச் சொல்லுமுன் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பணிபுரிந்த ஓர் ஒன்றியத்தில், கண்மாய் தூர்வாரியதைப் பற்றி எழுதியபோது, முந்தைய ஆண்டுப் படத்தைக் கவனியாது வெளியிட்டுவிட்டேன். “படத்திலுள்ள புளியமரம் விழுந்து ஆறு மாதமாயிற்றே!” என்று ஒரு விவசாயி எழுதினார். வேலை நடந்தது உண்மை. ஆயினும் அதன்பின் நாங்கள் வெளியிட்ட படங்களை எவரும் எளிதில் நம்பவில்லை. இடம், நாள், வேலையின் பெயர் ஆகிய மூன்றும் இன்றி எப்படத்தையும் வெளியிடலாகாது என்பதை அன்று கற்றேன்.

பிறர் அனுப்பியதை மேலும் அனுப்புவதில் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரை ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. பதவியிலிருப்பவர் ஒரு வதந்தியை அனுப்பினால், மக்கள் அதை அரசாங்கச் செய்தியாகவே கொள்வர். தெரியாததை அனுப்பாதிருத்தலும் பொதுப்பணியே.

பயனாளிகளின் கௌரவம்

உதவி வழங்கும் படங்களில் பயனாளியின் ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் தெளிவாகத் தெரிவதைக் காண்கிறோம். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் தடுக்கிறது. மேலும், வறுமையை ஊரறியக் காட்ட எவரும் விரும்பார். சம்மதம் பெற்ற பின்னரே படத்தை வெளியிடுக.

விளைபொருளின் பெயர்

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில், வியாபாரி மாதிரியைப் பார்த்து, நிறத்தையும் பருமனையும் அறிந்தே விலை கேட்கிறார். கைப்பேசியில் வாங்குபவருக்கோ நம் சொல்லும் படமுமே மாதிரி. காயின் பச்சையைப் படத்தில் கூட்டிக் காட்டினால், சரக்கு கைக்குச் சேர்ந்த அன்றே குட்டு வெளிப்படும். எனவே, பறித்த மாதம், காயின் பருமன், உலர்த்திய முறை ஆகியவற்றை உள்ளபடி எழுதுக. ஒருவர் செய்யும் மோசடி, மலையடிவாரத்து விவசாயிகள் அனைவரின் விலையையும் பாதிக்கும்.

புகாரும் மறுமொழியும்

குடிநீர் வரவில்லை என்று ஒருவர் எழுதினால் சினந்து பதில் எழுதாதீர்கள். எப்பொழுது பழுது நீங்கும் என்பதைத் தெரிவித்து, நீங்கியதும் மீண்டும் எழுதுங்கள். தவறு நேர்ந்தால், அது வெளியான இடத்திலேயே திருத்தி வருத்தம் தெரிவியுங்கள். ஊராட்சிச் செய்திக்கெனத் தனிக்குழு அமைத்து, கட்சி, சாதிப் பூசல்களை அதில் அனுமதியாதீர்கள். உங்கள் பெயரில் எவரேனும் போலிக் கணக்குத் தொடங்கிப் பணம் பறித்தால், உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடுங்கள்.

ஊர் மெச்சுவது செய்த வேலையைத்தான். கைப்பேசி அவ்வேலையை உள்ளபடி காட்டும் கண்ணாடியாக இருக்குமாயின், நற்பெயர் தானே நிலைக்கும்.